சம்பளமா, பரிசு வேட்டையா, கேட்காத உதவியா? ஹேக்கிங் பழகும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் இரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. கணினி அறிவியல் முடித்த பிள்ளைகள் கேட்பது, 'பென் டெஸ்டிங் வேலைக்குப் போகவா, வீட்டிலிருந்தே பக் பவுண்டி செய்யவா?' என்பது. (நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு அதன் கணினிகளுக்குள் ஊடுருவிப் பார்த்துப் பாதுகாப்பு ஓட்டைகளைச் சொல்வது பென் டெஸ்டிங்; நிறுவனம் பொதுவில் விடும் அழைப்பை ஏற்று ஓட்டை கண்டு சொல்லிப் பரிசு பெறுவது பக் பவுண்டி.) பெற்றோர் கேட்பது வேறு: 'பையன் விடிய விடிய லேப்டாப்பும் கையுமாக இருக்கிறான், கேட்டால் ஹேக்கிங் படிக்கிறேன் என்கிறான், நாளைக்குப் போலீஸ் வாசலில் வந்து நிற்காதே?' இரண்டும் ஒரே கேள்வியின் இரு முனைகள் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். குழித்துறையில் ரயிலேறித் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போய் இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் நான். மாணவப் பருவத்தில் இதையே தவறாகச் செய்து மாட்டிக்கொண்டவனும்கூட. ஆகவே நடுநிலை வேஷம் போடாமல் என் சாய்வை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

## பச்சை, கரி, கத்தி

ஹேக்கர்களை வெள்ளைத் தொப்பி, கறுப்புத் தொப்பி, சாம்பல் தொப்பி என்று பிரிப்பது பழைய அமெரிக்கக் கௌபாய் படங்களிலிருந்து வந்த வழக்கம். கதகளி பார்த்துப் பழகிய நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை வேறு விதமாகச் சொன்னால் சட்டென்று விளங்கும். பச்சை வேஷம் அரங்கேறினால் நற்குணத்தான், கரி வேஷம் வந்தால் அரக்கியோ வேடனோ, பச்சைக்கு நடுவே சிவப்பு ஏறிய கத்தி வேஷம் வந்தால் குலப்பெருமையும் வீரமும் இருந்தும் அகந்தையால் கெடுபவன். உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டை தேடுபவர் பச்சை. திருடவும் மிரட்டவும் தேடுபவர் கரி. நல்லதுதானே செய்கிறோம் என்ற நினைப்பில் யாரையும் கேட்காமல் உள்ளே போய்ப் பார்ப்பவர் கத்தி.

ஹேக்கர் என்ற சொல்லுக்குத் தொடக்கத்தில் குற்ற வாடையே கிடையாது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாதிரி ரயில் சங்கம் வைத்திருந்த மாணவர்கள் சாமர்த்தியமான குறுக்கு வழி ஒன்றைத்தான் 'ஹேக்' என்றார்கள். கொள்கைக்காக ஊடுருவுவோர், பிறர் எழுதிய கருவியைப் பொருள் தெரியாமல் ஓட்டிப் பார்ப்போர் என்று பின்னாளில் இன்னும் பல கிளைகள் தோன்றின. வேலை தேடும் ஒருவருக்கு அவை தெரிவுகள் அல்ல என்பதால் விட்டுவிடுகிறேன்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் முன் அனுமதி. அதுவும் எழுத்தில் இருக்கும் அனுமதி. இரண்டாவது, கதவு திறக்கிறது என்று தெரிந்த பிறகு எங்கே நிற்பீர்கள் என்பது. இந்த இரண்டும்தான் அறம். மற்ற மூன்றும் வாழ்க்கைக் கணக்கு: சட்டம் உங்களை எப்படிப் பார்க்கும், பணம் எவ்வளவு சீராக வரும், வெளியே சொல்லப்படாத செலவு என்ன.

திறமையை நான் அளவுகோலாகச் சேர்க்கவில்லை. கீழே அட்டவணையில் வரும் நால்வகையினரும் பயன்படுத்தும் கருவிகள் ஏறத்தாழ ஒன்றுதான். நோக்கத்தையும் சேர்க்கவில்லை, அதற்கான காரணத்தை மூன்றாவது வழியைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

| வழி | முன் அனுமதி | சட்டத்தின் முன் | வருமானம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| மாதச் சம்பளம் | ஒப்பந்தமாகவே உண்டு | பாதுகாப்பு, எல்லைக்குள் இருக்கும் வரை | சீரானது, தொடக்கத்தில் குறைவு | அறிக்கை எழுதும் சலிப்பு, வாய் திறக்க முடியாமை |
| பக் பவுண்டி | விதிமுறை வடிவில் உண்டு | விதியை மீறாத வரை பாதுகாப்பு | கடல் தொழில் போல, வந்தால் வரும் | பிறர் முந்திக்கொள்வது ('டூப்ளிகேட்'), தூக்கக் கேடு, சம்பளச் சீட்டு இல்லாமை |
| கேட்காத உதவி | இல்லை | நிச்சயமற்றது | இல்லை | மனக்கசப்பு, வழக்கு, பெயர் |
| திருட்டு | இல்லை | குற்றம் | இருப்பது போலத் தோன்றும் | எல்லாம் |

## மாதச் சம்பளம்: பச்சை வேஷம்

இந்த வேலையின் முதல் நாளில் உங்கள் கைக்கு வருவது கணினி அன்று, ஒரு காகிதம். இன்னின்ன இணைய முகவரிகளைச் சோதிக்கலாம், இன்ன தேதி இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை மட்டும், சம்பளப் பட்டியல் இருக்கும் சர்வரைத் தொடக்கூடாது, சேவையை முடக்கும் சோதனை கூடாது, ஏதேனும் நின்றுபோனால் இன்னாரை இந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டிருப்பார்கள். முகவரியில் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டி, பட்டியலில் இல்லாத வேறொருவரின் சர்வரைச் சோதித்துவிட்டால், அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் மேலாளர் ஒவ்வொரு முகவரியையும் இருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே கருவியை ஓட்ட விடுவார். அப்போது அது எனக்குக் கேலியாகப் பட்டது. இப்போது நானும் அதையே செய்யச் சொல்கிறேன்.

அரசுத் துறைகளும் வங்கிகளும் தங்கள் தளங்களைத் தணிக்கை செய்ய, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள நிறுவனங்களை நாடுகின்றன. ஆகவே வேலைகள் பெரும்பாலும் அத்தகைய நிறுவனங்களிலும் பெரிய மென்பொருள் நிறுவனங்களிலும் இருக்கின்றன. நம் மாவட்டத்திலிருந்து பார்த்தால் திருவனந்தபுரம் பக்கம், பெங்களூரும் சென்னையும் தூரம். ஊடுருவிப் பார்க்கும் வேலையைவிட, கண்காணிப்பு அறையில் முறை வைத்து அமர்ந்து எச்சரிக்கைகளைப் பார்க்கும் வேலைக்கே புதியவர்களை அதிகம் எடுக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரவுப் பணி உண்டு, சலிப்பும் உண்டு. ஆனால் தாக்குதல் ஒன்று உள்ளே வரும்போது எப்படித் தெரியும் என்பதை அங்கே கற்பது போல வேறெங்கும் கற்க முடியாது.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது சான்றிதழ். ஓ.எஸ்.சி.பி. என்ற தேர்வில் 23 மணி 45 நிமிடம் உட்கார்ந்து கணினிகளை உடைத்துக் காட்டி, அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணம் ரூபாய்க் கணக்கில் லட்சத்தைத் தாண்டும். கடன் வாங்கி எழுதாதீர்கள்; பல நிறுவனங்கள் சேர்ந்த பிறகு தாமே செலுத்துகின்றன. ஆனால் அதற்குப் பதிலாக இத்தனை ஆண்டு விலகக்கூடாது என்று கையெழுத்து கேட்டால், வீட்டில் ஒரு பெரியவரிடம் காட்டிவிட்டு இடுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

இரண்டாவது செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாடிக்கையாளரின் தளத்தில் ஆயிரக்கணக்கானோரின் விவரம் கசியும் ஓட்டையைக் கண்டுபிடித்து, நாற்பது பக்க அறிக்கையும் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுத் தணிக்கைக்குப் போகும்போது அதே ஓட்டை அப்படியே இருப்பதைப் பார்க்க நேரும். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதால் வெளியே சொல்ல முடியாது. மறுபடியும் எழுதலாம், மேலிடத்துக்கு எழுதச் சொல்லலாம், அவ்வளவுதான். வெள்ளைத் தொப்பியின் அறம் எளிது என்று நினைப்பவர்கள் இந்த மௌனத்தைச் சுமந்து பார்த்ததில்லை.

## பக் பவுண்டி: கேட்டுவிட்டுத் தேடும் வேட்டை

நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் தொடங்கிவைத்த வழக்கம் இது. கூகுள் 2010இலும் ஃபேஸ்புக் 2011இலும் இதை ஏற்றன. ஹேக்கர்ஒன், பக்கிரவுட் போன்ற தளங்கள் வந்தபின் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி உலகின் எந்த மூலையில் உள்ள நிறுவனத்தையும் சோதிக்கும் வாய்ப்பு வந்தது. நிறுவனம் தன் விதிமுறைகளைப் பொதுவில் வெளியிடுகிறது. அதுவே எல்லோருக்குமான அனுமதிக் கடிதம்.

சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையாவின் உதாரணத்தை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவார்கள். 2015இல் ஃபேஸ்புக்கில் யாருடைய புகைப்படத் தொகுப்பையும் அழித்துவிடக்கூடிய ஓட்டையைத் தெரிவித்து 12,500 டாலர் பெற்றார். 2019இல் இன்ஸ்டாகிராமில் அவர் கண்டது இன்னும் நுட்பமானது. கடவுச்சொல்லை மாற்ற வரும் ஆறு இலக்க எண்ணுக்குப் பத்து லட்சம் சாத்தியங்கள், ஆயுள் பத்து நிமிடம். ஒரே முகவரியிலிருந்து பல முறை முயன்றால் தளம் தடுத்துவிடும். ஆனால் ஆயிரம் இணைய முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பியபோது இரண்டு லட்சம் எண்களைத் தடையின்றி முயல முடிந்தது. ஐயாயிரம் முகவரிகள் இருந்தால் முழுவதையும் முயன்றுவிடலாம், வாடகைக் கணினிகளுக்கு 150 டாலர் அளவில் செலவாகும் என்று கணக்குக் காட்டினார். 30,000 டாலர் கிடைத்தது. இதில் நான் ரசிப்பது தொகையை அல்ல, ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டு மீதியைக் கணக்கால் நிறுவியதை.

இப்போது மறுபக்கம். ஒரே ஓட்டையைப் பத்துப் பேர் கண்டுபிடித்தாலும் முதலில் தெரிவித்தவருக்கே பணம். மற்ற ஒன்பது பேருக்கும் 'டூப்ளிகேட்' என்ற ஒற்றைச் சொல். மூன்று வாரம் கண் விழித்ததற்கு அந்தச் சொல் கூலியாக வரும்போது எப்படி இருக்கும் என்பதை, விடியற்காலையில் வெறும் வலையோடு கரையேறும் குளச்சல், முட்டம் கடலோரத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். வருங்கால வைப்பு நிதி கிடையாது. வெளிநாட்டிலிருந்து டாலரில் வந்தாலும் வருமான வரிக் கணக்கில் காட்டித்தான் ஆக வேண்டும். பெண் பார்க்கும் இடத்தில் 'மாப்பிள்ளைக்கு என்ன வேலை' என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் விழிக்கும் தந்தையரையும் கண்டிருக்கிறேன், அது தனிக் கதை.

இந்த முறையையும் நிறுவனங்கள் கெடுத்துவிட முடியும். 2016இல் ஊபர் நிறுவனத்திலிருந்து 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களைத் திருடியவர்களுக்கு, பக் பவுண்டி கணக்கிலேயே ஒரு லட்சம் டாலர் கொடுத்து விஷயம் மூடி மறைக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பான பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன் 2022இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பானார். வாய்மூடிக் கூலிக்குப் பரிசு என்று பெயர் சூட்டினாலும் அது பரிசாகாது.

## கேட்காத உதவி: கத்தி வேஷம்

பொறியியல் இரண்டாம் ஆண்டில் நான் படித்த கல்லூரியின் கட்டண ரசீதை இணையத்தில் எடுக்கும் வசதி புதிதாக வந்திருந்தது. என் ரசீது திறந்த பக்கத்தின் முகவரி 47 என்ற எண்ணில் முடிந்தது. அதை அழித்து 48 என்று தட்டினேன். வேறொரு மாணவியின் ரசீது, தந்தை பெயர், தொலைபேசி எண்ணோடு திறந்தது. அந்த ஒன்றோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையில் நான் நல்லவனாக வந்திருப்பேன். 49, 50 என்று போய்ப் பன்னிரண்டு ரசீதுகளைப் பார்த்து, மூன்றை நண்பர்களுக்கும் காட்டிவிட்டு, மறுநாள் காலையில் பெருமையோடு அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"உன்னை ஆரு மக்களே உள்ள போகச் சொன்னா?" என்றார் அங்கிருந்த பெரியவர்.

என்னிடம் பதில் இல்லை. தந்தையை வரவழைத்தார்கள், ரப்பர் வெட்டு முடித்த கையோடு கசங்கிய சட்டையில் வந்து நின்றார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஓட்டை அதற்குப் பிறகும் பல மாதம் திறந்தே கிடந்தது. அன்றைக்குக் கல்லூரி மீது எனக்கு வந்த கோபம் இன்றும் முழுதாக ஆறவில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் கேள்வி சரியான கேள்வி என்பதை ஏற்க எனக்குப் பத்தாண்டு ஆயிற்று.

சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதையே இழப்பீட்டுக்கு உரிய செயலாக்குகிறது. உங்கள் மனத்தில் என்ன இருந்தது என்று அது கேட்பதில்லை. அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, நல்ல நோக்கம் இரண்டாவது கட்டத்தில்தான் உதவிக்கு வரும், அதையும் நீங்கள்தான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுகள் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று அமெரிக்க நீதித்துறை 2022 மே மாதத்தில் கொள்கை வெளியிட்டது. நம் சட்டத்தில் அப்படியொரு விலக்கு எழுதப்படவில்லை. நோக்கத்தை அளவுகோல்களில் சேர்க்காததன் காரணம் இதுதான்.

விதிமுறை இருக்கும் இடத்திலேயே எல்லை மீறினாலும் இதே கதிதான். பாலஸ்தீனத்தைச் சேர்ந்த கலீல் ஷ்ரெயாதே 2013இல், நண்பர் பட்டியலில் இல்லாதவரின் ஃபேஸ்புக் சுவரிலும் எழுத முடியும் என்று கண்டு தெரிவித்தார். 'இது பிழை அன்று' என்று பதில் வந்தது. உடனே மார்க் ஸக்கர்பெர்க்கின் சுவரிலேயே எழுதிக் காட்டினார். பிழை சரி செய்யப்பட்டது. பிறர் கணக்கில் சோதித்ததால் பரிசு மறுக்கப்பட்டது. உலகெங்கும் உள்ள பாதுகாப்பு ஆர்வலர்கள் கை கொடுத்துப் பத்தாயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள் என்பது ஆறுதல். எல்லோருக்கும் அந்தக் கூட்டம் கிடைக்காது.

இதற்கு மாறான பாதையும் நம் பக்கத்திலேயே உண்டு. மாவட்ட எல்லையைத் தாண்டினால் வரும் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் (மால்வேர்) புகுந்த தகவல் 2019 செப்டம்பரில் புக்ராஜ் சிங் என்ற வல்லுநருக்கு மூன்றாம் நபர் வழியாகக் கிடைத்தது. அவர் உள்ளே புகுந்து பார்க்கவில்லை. உரிய அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். அக்டோபர் இறுதியில் செய்தி பொதுவெளிக்கு வந்தபோது முதலில் மறுப்பு வெளியானது. அக்டோபர் 30 அன்று, நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை, அது உலையின் கட்டுப்பாட்டு வலையமைப்போடு இணைக்கப்பட்டதன்று என்று அணுமின் கழகம் அறிவித்தது. கையால் தொடாமலேயே ஓர் ஓட்டையைப் பற்றிப் பொறுப்போடு பேச முடியும் என்பதற்கு இது சான்று.

## திருட்டு: கரி வேஷம்

இதை நீட்ட விருப்பமில்லை. 'கெவின் மிட்னிக் சிறைக்குப் போய் வந்துதானே பெரிய ஆலோசகர் ஆனார்' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஐந்தாண்டு சிறை, 2000இல் விடுதலையான பின்னும் ஏறத்தாழ மூன்றாண்டு இணையத்தைத் தொடத் தடை. உங்களுக்குப் பெயர் தெரிந்த ஒரே ஆள் அவர் என்பதே மற்றவர்களின் கதி என்ன என்பதைச் சொல்லும்.

மார்கஸ் ஹட்சின்ஸின் கதை இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூரான இல்ஃபிரகூமில் பெற்றோர் வீட்டில் இருந்தபடியே, 2017 மே மாதத்தில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டு உலகை உலுக்கிய வானாகிரை தாக்குதலை, அந்த நிரல் தேடிய ஒரு தளப் பெயரைப் பத்து டாலர் சொச்சம் கொடுத்துப் பதிவு செய்து நிறுத்தியவர். மூன்று மாதம் கழித்து லாஸ் வேகாஸில் கைதானார்; இளம் வயதில் க்ரோனோஸ் என்ற வங்கித் திருட்டு நிரலை எழுதியதற்காக. 2019இல் நீதிபதி இரக்கம் காட்டினார். அதுவரை இரண்டாண்டு அவர் ஊர் திரும்ப முடியவில்லை.

நம்மூரில் இந்த வழி இவ்வளவு சாகசமாகத் தொடங்குவதில்லை. கமிஷனுக்காக வங்கிக் கணக்கைச் சில நாள் இரவல் கொடுப்பதில் தொடங்குகிறது. அல்லது கம்போடியாவிலோ மியான்மரிலோ டேட்டா என்ட்ரி வேலை என்று விமானம் ஏற்றிவிடும் முகவரிடம் தொடங்குகிறது. வளைகுடா போய்ப் பழகிய மாவட்டம் என்பதால் வெளிநாட்டு வேலை என்றதும் நாம் சந்தேகப்படுவதில்லை. அங்கே கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு, சொந்த நாட்டுக்காரர்களையே ஏமாற்றும் அழைப்புகளைச் செய்ய வைக்கிறார்கள்.

## யாருக்கு எது

இறுதியாண்டில் இருக்கும், வீட்டில் கடன் இருக்கும் பிள்ளைக்கு நான் தயங்காமல் சொல்வது மாதச் சம்பளம். கண்காணிப்பு அறை வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு ஆண்டு இருங்கள், வார இறுதியில் பக் பவுண்டி பழகுங்கள், வேலை ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் படித்துவிட்டு. வேட்டையில் வந்த பணம் தொடர்ந்து ஓராண்டு சம்பளத்தைத் தாண்டினால் அப்போது வேலையை விடுவது பற்றி யோசிக்கலாம். ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு, முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, குழந்தை பிறந்தபின் வேலையை விட்ட பெண்களுக்குப் பக் பவுண்டி முதல் தெரிவாகவே இருக்கலாம். மாதச் செலவுக்கு வீட்டில் வேறொரு வருமானம் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கேட்காத உதவியை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. ஆனாலும் தேடாமலேயே ஓட்டை கண்ணில் படும் நாள் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வரும். அன்றைக்கு முதலில் கையை எடுங்கள். இன்னொரு எண்ணைத் தட்டாதீர்கள். அந்தத் தளத்தில் பாதுகாப்புத் தொடர்பு முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அல்லது பதில் வராதென்று தோன்றினால், செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவியுங்கள். ஓட்டைகளைப் பற்றிய தகவல்களைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பதற்கென்றே அங்கே நடைமுறை உண்டு. கடிதத்தில் எந்தப் பக்கம், எந்த நாள், எத்தனை மணி, என்ன செய்தபோது என்ன தெரிந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை, அதில் தெரியும் பெயரையும் எண்ணையும் மறைத்து, இணையுங்கள். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அது போக வேண்டாம். கடிதத்தின் எந்த வரியிலும் 'பரிசு' என்ற சொல் வர வேண்டாம். கேட்காமல் உள்ளே பார்த்துவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசும் கடிதத்தை, படிப்பவர் மிரட்டலாகத்தான் படிப்பார்.